அலுமாரிக்குள்ள ஒம்பது சேட்டு

உளவளத்துணை வேலை செய்யிற எனக்குப் போன கிழமை வந்த கடிதம் இது. கொப்பித் தாளில பேனையால ஆறு பக்கம் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். சுருக்கித்தான் போடுறன், ஆளைத் தெரியாம இருக்க சில விஷயங்கள மாத்தியும் இருக்கிறன். திருகோணமலை மாவட்டத்தில சம்பூர்ப் பக்கம் எண்டதை மட்டும் அப்பிடியே விடுறன், ஏனெண்டா அந்தப் பக்கம் கனக்கக் குடும்பத்துக்கு இதே கதைதான்.

"அக்கா, எனக்கு 39 வயசு, வயரிங் வேலை. இப்ப திருகோணமலை டவுனில ஒரு ரூம் எடுத்து இருக்கிறன். 2005இல ஏ.எல். படிக்கேக்க சனி ஞாயிறில மூதூரில இருந்து லோஞ்சில டவுனுக்கு டியூசனுக்கு வருவம், அதில வச்சுத்தான் அவவ விரும்பினன். அவவுக்கும் விருப்பம்தான், ஆனா ரெண்டு பேரும் வாய் திறந்து சொல்லேல்ல. 2006 ஏப்ரலில குண்டு விழத் தொடங்கினாப் பிறகு அவையள் வாகரைப் பக்கம் ஓடிட்டினம், நான் மாமாவோட டவுனுக்கு வந்து அந்த வருசக் கடைசியில கட்டாருக்குப் போட்டன். 2007இல மட்டக்களப்பில முகாமில வச்சு அவவுக்கு அவசரக் கலியாணம். 2008இல புருசன் வேலைக்கெண்டு வெளிக்கிட்டவர், இண்டைக்கு வரைக்கும் ஒரு தகவலும் இல்ல. மகளுக்கு இப்ப 17.

பிடிச்சு வச்சிருந்த ஊர்க் காணிய 2016இல திருப்பி விட்டோன்ன நானும் ஊருக்கு வந்து அவவிட வீட்டுக்கு வயரிங் செய்யப் போனன், அண்டையில இருந்து ஒம்பது வருசம் அந்த வீட்டுக்கு என்ன தேவையெண்டாலும் நான்தான். அவவுக்கும் என்னில விருப்பம், அது எனக்கு நல்லாத் தெரியும். கேட்டா 'அவர் வந்தா நான் என்ன சொல்லுறது' எண்டு மட்டும்தான் சொல்லுவா. போன மாசம் பிளக் ஒண்டு மாத்த அலுமாரிய இழுக்க கதவு திறந்துட்டுது, உள்ளுக்க ஒம்பது புதுச் சேட்டு, பேக் உடைக்காம. வருசா வருசம் தீபாவளிக்கு அவருக்கெண்டு வாங்கினதாம். அதில ஒண்டு நான் பிள்ளைக்கு உடுப்பு எடுக்கக் குடுத்த காசில வாங்கினது. எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு, மரணச் சான்றிதழ எடுங்கோவன் எண்டு சொல்லிப்போட்டன். மூண்டு கிழமையா என்னோட கதைக்கிறா இல்ல.

செத்த ஆளோட போட்டி போடலாம், உயிரோட இருக்கிறவரோடயும் போட்டி போடலாம், இவரோட எப்பிடி அக்கா போடுறது? எனக்குத் தெரிஞ்ச ஒரு ஐயா இருக்கிறார், அந்த நேரம் கன காலம் தடுப்புக் காவலில உள்ள இருந்து வந்தவர். அவரக் கூட்டிக்கொண்டு போய் 'உங்கட மனிசன் செத்தத நான் கண்டனான்' எண்டு சொல்ல வைப்பமா எண்டு யோசிக்கிறன். பொய்தான், ஆனா அவவுக்கும் ஒரு முடிவு வரும்தானே. அவர் செத்துட்டார் எண்டு செய்தி வரோணும் எண்டு கோயிலில கும்பிட்டும் இருக்கிறன், நான் ஒரு மனிசனா? பின்னேரத்தில கோணேசர் கோயில் மலையில ஏறி கொட்டியாரக் குடாவுக்கு அங்கால எங்கட ஊர்ப் பக்கம் பாத்துக்கொண்டு நிப்பன். நித்திரையும் இல்ல. மகள் ஒரு நாள் கேட்டவ, 'மாமா, அப்பா வந்தா நீங்க பிறகு இஞ்ச வரமாட்டீங்களா' எண்டு. பதில் சொல்லத் தெரியாம வந்துட்டன்."

தம்பி, முதல்ல அந்த ஐயா விஷயத்தக் கதைச்சுப் போட்டுத்தான் மிச்சம். வேண்டாம். இதில எனக்கு ரெண்டாவது யோசனையே இல்ல.

அந்த ஐயா போய் அந்த ஒரு வசனத்தச் சொன்னாப் பிறகு என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பாத்தீங்களா, அவ அதோட அழுது முடிச்சுப் போட்டு எழும்பமாட்டா, எங்க கண்டீங்க, எந்த மாசம், என்ன உடுத்திருந்தவர், என்னை ஏதும் கேட்டவரா, பிள்ளையப் பற்றி ஏதும் சொன்னவரா, எங்க தாட்டவை எண்டு ஒண்டு ஒண்டாக் கேப்பா, ஒவ்வொண்டுக்கும் அந்த மனிசன் ஒரு பொய் கட்டோணும், அந்தப் பொய்க்கு நாள் பாத்து அவட மாமியார் அந்தியேட்டி செய்வா, உங்கட தங்கமான பிள்ளை இல்லாத ஒரு நாளில வருசா வருசம் தகப்பனுக்குத் திவசம் செய்யும். நீங்க அந்த வீட்டில இருந்து அந்தச் சோத்தத் தின்னோணும். தின்ன ஏலுமா உங்களால? ஏலாது எண்டுதான் நினைக்கிறன், ஏலுமானவர் எனக்கு ஆறு பக்கம் எழுதியிருக்கமாட்டார்.

இன்னொண்டு, இந்த வேலைய மற்றப் பக்கத்தால செய்த ஆக்கள நான் கண்டிருக்கிறன். 'இன்ன முகாமில உங்கட மகனக் கண்டனான், காசு தந்தா கதைக்க வைக்கிறன்' எண்டு வருவினம். தாலிக்கொடிய அடகு வச்சுக் காசு குடுத்துப்போட்டு என்ட கதிரைக்கு முன்னால வந்திருந்து அழுத தாய்மார் ஒண்டு ரெண்டு பேர் இல்ல. அவன் உயிரோட இருக்கிறார் எண்டு பொய் சொன்னான், நீங்க செத்துட்டார் எண்டு சொல்லப் பாக்கிறீங்க, அவனுக்குக் காசு தேவை, உங்களுக்கு அவ தேவை. கடுமையாச் சொல்லுறன் எண்டு தெரியும். இந்த ஒரு இடத்தில கடுமையாச் சொல்லாட்டி நான் இந்த வேலையில இருக்கிறதில பிரயோசனம் இல்ல.

ஆனா கோயிலில கும்பிட்டது வேற விஷயம். அதுக்கு நீங்க மனிசனா எண்டு கேக்கத் தேவையில்ல. காணாமல் போன ஆக்கள்ட சொந்தச் சனமே இதே நினைப்ப என்னட்டச் சொல்லியிருக்குது, கதவச் சாத்திப்போட்டு, குரலக் குறைச்சு, 'ஒரு எலும்பெண்டாலும் தந்தாங்களெண்டா நிம்மதியா அழுதிட்டு இருப்பன்' எண்டு. அது அந்த ஆள் சாகோணும் எண்ட ஆசை இல்ல தம்பி, இந்த இழுபறி முடியோணும் எண்ட ஆசை. நீங்களும் அதுக்குள்ளதான் நிக்கிறீங்க, 17 வருசமா ஒரு குடும்பம் மாட்டுப்பட்டிருக்கிற அந்த இழுபறிக்குள்ள நீங்களாப் போய் கடைசி ஒம்பது வருசமா நிக்கிறீங்க.

இதுக்கு எங்கட துறையில ஒரு பேர் இருக்கு. அமெரிக்காவில போலின் பொஸ் எண்ட அம்மா, குடும்பங்களோட வேலை செய்யிறவ, 1970களில வியட்நாம் சண்டையில காணாமல் போன படை ஆக்கள்ட மனிசிமாரோட கதைச்சு ஆராய்ஞ்சவ. ஆள் செத்ததும் தெரியாது இருக்கிறதும் தெரியாது எண்ட இழப்பு சாதாரணச் சாவு மாதிரி இல்ல எண்டு அவ கண்டு சொன்னா. நான் அத அந்தரத்தில நிக்கிற இழப்பு எண்டு சொல்லுறனான். சாவெண்டா சாமான் சட்டு இருக்கு, பாடையில தூக்கிறம், எட்டுச் செலவு, முப்பத்தொண்டு எண்டு ஊரே வந்து சாப்பிட்டு, அந்த மனிசிக்கு இனி இப்பிடித்தான் எண்டு ஒரு நிலைமை வந்துடும், நல்லதோ கெட்டதோ. இதில ஒண்டும் இல்ல. பொட்டு வச்சாலும் ஊர் கதைக்கும், வைக்காட்டியும் கதைக்கும். போலின் பொஸ் சொல்லுற முக்கியமான விஷயம் என்னெண்டா, இப்பிடியான ஆக்கள்ட்டப் போய் 'ஒரு முடிவுக்கு வாங்கோ' எண்டு நெருக்கக் கூடாது, ஏனெண்டா முடிவு அவையிட கையில இல்ல. அவர் வரலாம், வராமலும் போகலாம், ரெண்டையும் ஒரே மனசில வச்சுக்கொண்டு சமைச்சுச் சாப்பிட்டு, சிரிச்சு, பிள்ளையப் படிப்பிச்சு வாழப் பழகிறதுதான் அவையால ஏலுமானது. நாங்க பக்கத்தில நிண்டு அதுக்குத்தான் உதவி செய்யலாம்.

இலங்கையில செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவிட்ட மட்டும் 16,000க்கு மேல ஆக்களத் தேடித்தரச் சொல்லிப் பதிவு இருக்கு. அந்த ஒவ்வொரு பேருக்குப் பின்னாலயும் ஒரு அலுமாரி இருக்கு தம்பி.

எங்கட வீட்டிலயும் இருந்தது. அலுமாரி இல்ல, ஆமப்பூட்டு. என்ட பெரியண்ணன் 1990இல ஒரு காலமை கடைக்கெண்டு போனவர், அதோட சரி. கேற் திறப்பு அவர்ட பொக்கற்றுக்க இருந்தது. அதால அம்மா அந்தப் பூட்ட மாத்த விடேல்ல. டவுனில கடலுக்குக் கிட்ட எங்கட வீடு, உப்புக் காத்துக்கு இரும்பு என்ன பாடு படும் எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல, ஒவ்வொரு நாளும் திறக்க அஞ்சு நிமிசம் மல்லுக்கட்டோணும். நானே அம்மாவோட எத்தினை தரம் சண்டை பிடிச்சிருக்கிறன், அவன் வந்தாச் சுவர் ஏறிக் குதிக்கமாட்டானா எண்டு கேட்டு அவவ அழ வச்சும் இருக்கிறன், அத நினைச்சா இண்டைக்கும் எனக்கு வயித்தப் பிசையும். 1998இல எனக்குக் கலியாணம், எங்கட பக்க வழக்கப்படி அவர் எங்கட வீட்டுக்குத்தான் வந்தவர். வந்த ஆள் ஒரு நாளும் பூட்ட மாத்துவமா எண்டு கேக்கேல்ல. தையல் மெசின் எண்ணெய்ப் போத்தில் ஒண்டு வாங்கி, கிழமைக்கு ஒருக்கா பூட்டுக்கு எண்ணெய் விட்டார். அவ்வளவுதான் செய்தவர். ஆறு வருசம்.

2004 சுனாமிக்கு கடல் கேற்றுக்கு மேலால வந்துட்டுது, பூட்டு அடியோட இறுகிப் போச்சு. அவர் அதக் கழட்டிக்கொண்டு வந்து அம்மாட கையில குடுத்து 'மாமி, இத என்ன செய்வம்' எண்டு கேட்டார். அம்மா கன நேரம் வச்சுப் பாத்துப்போட்டு 'புதுசு ஒண்டு வாங்குங்கோ மகன், இத சாமி அறையில வையுங்கோ' எண்டா. வாங்கினாப் பிறகு திறப்பு ஒண்ட சந்திக் கடைக்காற அக்காட்டக் குடுத்து வச்சா, என்ட மூத்தவன் வந்துகேட்டாக் குடு எண்டு. அம்மா சாகும் வரைக்கும் அந்தத் திறப்பு அந்தக் கடையில ஆணியில தொங்கினது.

உங்கட கேள்விக்கு இப்ப வாறன், இவரோட எப்பிடிப் போட்டி போடுறது எண்டு. போட்டி போட ஏலாது, ஏனெண்டா அவர் அங்க போட்டிக்கு நிக்கேல்ல. போட்டோவில இருக்கிற அவட புருசனுக்கு எந்த நாளும் இருபத்தேழு வயசுதான் இருக்கும், கடன் படமாட்டார், குடிச்சிட்டு வரமாட்டார், கோவத்தில ஒரு சொல்லுச் சொல்லமாட்டார். ஒண்டரை வருசக் குடும்ப வாழ்க்கையில நல்லது மட்டும் மிஞ்சி நிக்குது. அதக் குறையெண்டு காட்ட ஒரு நாளும் வெளிக்கிடாதேங்கோ, அவரப் பற்றி ஒரு குறை சொன்னா அவ உங்களுக்குக் கதவச் சாத்துவா, சாத்திறதும் நியாயம்.

ஆனா தம்பி, உங்கட கடிதத்த ரெண்டாந்தரம் வாசிக்கேக்க எனக்கு வேற ஒண்டு பட்டது. லோஞ்சில அவ எந்தப் பக்கம் இருந்தவ, என்ன கலர்ச் சட்டை, காத்துக்குக் கொப்பி பறந்தத நீங்க எட்டிப் பிடிச்சது எண்டு 2005க்கு மட்டும் ஒண்டரைப் பக்கம் எழுதியிருக்கிறீங்க. இப்ப இருக்கிற 38 வயசு மனிசியப் பற்றி அஞ்சு வரி. அவ என்ன வேலை செய்யிறா, என்னத்துக்குச் சிரிப்பா, எதில கோவம் வரும், மகளுக்கு என்ன கனவு வச்சிருக்கிறா எண்டு ஒண்டும் இல்ல. நீங்களும் காணாமல் போன ஒரு ஆளத்தான் தேடிக்கொண்டிருக்கிறீங்களோ எண்டு எனக்கு யோசனை. லோஞ்சில வந்த அந்தப் பிள்ளை 2006 ஏப்ரலில போட்டுது. வாகரையில பதுங்கு குழிக்குள்ள இருந்து, முகாமில கலியாணம் கட்டி, கைக்குழந்தையோட ஒவ்வொரு வாசலாப் போய் என்ட மனிசன் எங்க எண்டு கேட்டு, பத்து வருசம் சொந்தக் காணிக்குள்ள கால் வைக்க விடாம இடைத்தங்கல் முகாமில தகரக் கொட்டிலுக்குள்ள இருந்து வந்த மனிசி வேற ஆள். உங்களுக்கு விருப்பம் எண்டா அந்த மனிசியில விருப்பம் வரோணும். கட்டாருக்குப் போகாம இருந்திருந்தா எண்டு மூண்டு இடத்தில எழுதியிருக்கிறீங்க. இருபது வயசுப் பொடியன் அந்த நேரம் திருகோணமலையில இருந்திருந்தா அந்த அலுமாரியில யார்ட சேட்டு இருந்திருக்கும் எண்டு நினைக்கிறீங்க?

அந்த உங்கட காசுச் சேட்டு. அது உங்களுக்கு அவமானமாப் போச்சு, விளங்குது. ஆனா அவ அத வேற ஆள்ட காசு எண்டு நினைச்சிருந்தா எடுத்திருக்கமாட்டா, வீட்டுக் காசு எண்டு நினைச்சுத்தான் எடுத்திருப்பா. இத நான் நிச்சயமாச் சொல்ல ஏலாது, அவவத்தான் கேக்கோணும், இப்ப கேக்க வேண்டாம்.

மரணச் சான்றிதழ் எடுங்கோ எண்டு சொன்னதில என்ன பிழை எண்டும் சொல்லுறன். கையெழுத்து வைக்கிறது அவ. 'என்ட மனிசன் செத்துட்டார் எண்டு நான் நம்புறன்' எண்டு அவட கையால எழுதோணும், கன பேருக்கு அது தாங்களே கொல்லுற மாதிரி. இந்தக் கஷ்டத்துக்காகத்தான், காணாமல் போன ஆக்களுக்கு மரணச் சான்றிதழ் குடுக்கிற 2010ஆம் ஆண்டுச் சட்டத்த 2016இல திருத்தி, ஆளக் காணேல்ல எண்டு மட்டும் உறுதிப்படுத்திற ஒரு சான்றிதழ் குடுக்கிற வழி கொண்டு வந்தவை. அதில செத்ததா எழுதத் தேவையில்ல, ஆனா காணி, பாங்க் காசு, பிள்ளையிட அலுவல்களப் பாக்க உதவும். அது கலியாணத்த முடிக்காது எண்டதையும் தெரிஞ்சு வச்சிருங்கோ. ஒரு காலத்தில மறுமணம் எண்டு அவவே யோசிச்சா சட்டத்தரணி ஒருத்தர்ட்ட முழுசாக் கேட்டுத்தான் செய்யோணும், வசதியில்லாத ஆக்களுக்கு சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு. இதுகள நீங்களாப் போய் எடுத்து விடவேண்டாம். அவ கேட்டா சொல்லுங்கோ.

இப்ப செய்யவேண்டியது மன்னிப்புக் கேக்கிறது. நீளமா வேண்டாம், காரணமும் வேண்டாம். 'அண்டைக்கு நான் கேட்டது பிழை. அவர் செத்துட்டார் எண்டு சொல்லச் சொல்லி இனி ஒரு நாளும் கேக்கமாட்டன்' எண்டு சொல்லிப்போட்டு, அந்தச் சொல்லில நில்லுங்கோ. கொஞ்ச நாள் போக, உங்கட மனசில இருக்கிறதையும் சொல்லுங்கோ, ஏனெண்டா நீங்களும் ஒரு மனிசன், உங்களுக்கும் 39 வயசு. 'நீங்க அவர எதிர்பாத்துக்கொண்டு இருக்கேக்கயே நான் உங்களோட இருக்க விரும்புறன், உங்களுக்கு அது ஏலுமா' எண்டு கேளுங்கோ. அவ ஓம் எண்டும் சொல்லலாம், ஏலாது எண்டும் சொல்லலாம், மாமியார் இருக்கும் வரைக்கும் பொறுங்கோ எண்டும் சொல்லலாம். ஏலாது எண்டா, தம்பி, இந்த ஒம்பது வருசம் செய்த வயரிங்கும் வாங்கிக் குடுத்த சாமானும் அட்வான்ஸ் காசு இல்ல, திருப்பிக் கேக்க ஏலாது. அப்ப நீங்க உங்கட வாழ்க்கையப் பாத்துக்கொண்டு போகலாம், அது துரோகம் இல்ல. எண்ணெய் விடுற மனிசனும் களைச்சுப் போவார், என்ட மனிசனும் களைச்சவர், எனக்குத் தெரியும்.

மலைக்குப் போறத ஒரு வரியில எழுதிப்போட்டு விட்டுட்டீங்க, நான் விடமாட்டன். நேராக் கேக்கிறன், அங்க விளிம்பில நிக்கேக்க செத்துப் போவமா எண்டு நினைப்பு வருதா? வந்தா அதச் சொல்லுறதில ஒரு வெக்கமும் இல்ல, கேட்டதால அந்த நினைப்பு அதிகமாகாது, சொன்னா பாரம் இறங்கும். 1926க்கு எந்த நேரமும் எடுக்கலாம், தேசிய மனநல நிறுவகத்திட நம்பர் அது. பிரதேச செயலகத்தில உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறார், காசு இல்ல. நித்திரை வராத இரவில என்னட்டக் கடிதம் எழுதிறத விட அந்த நம்பருக்கு எடுக்கிறது நல்லது, நான் பதில் போட ஒரு கிழமை ஆகுது. அந்த மலையில நிண்டு ஒல்லாந்தர் காலத்தில ஒரு பிள்ளை, காதலன் கப்பலில போறதப் பாத்து கடலுக்குள்ள குதிச்சது எண்டு எங்கட ஊரில கதை சொல்லுவினம். அவ சாகேல்ல, பிறகு வேற கலியாணம் கட்டி இருந்தவ எண்டும் சொல்லுவினம். எனக்கு ரெண்டாவது கதைதான் விருப்பம்.

மகள் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் குடுக்கேல்ல நீங்க. மூண்டு கிழமையா நீங்க போகவும் இல்ல, அந்தப் பிள்ளை தன்ட கேள்வியாலதான் மாமா வாறார் இல்ல எண்டு நினைச்சுக்கொண்டிருக்கும். தாய்க்கு முதல் அவவிட்டப் போங்கோ. தாயும் வீட்டில இருக்கிற நேரமாப் பாத்து, முத்தத்தில வச்சு, தாய்க்கும் கேக்கத் தக்கதாச் சொல்லுங்கோ: 'அப்பா வந்தா எனக்குச் சந்தோசம் மகள். நான் வாறது போறத அண்டைக்கு அம்மாவும் அப்பாவும் நீங்களும் கதைச்சு முடிவெடுங்கோ. நீங்க கூப்பிட்டா எந்த நேரமும் வருவன்.' அத உண்மையாச் சொல்ல ஏலுமா எண்டு முதல்ல உங்கட ரூமில இருந்து யோசியுங்கோ. ஏலாட்டி இன்னும் கொஞ்ச நாள் எடுத்து யோசியுங்கோ, பிறகு போங்கோ.